பாறைமேல் இருந்த துணி

காலை ஆறரை மணிக்குத் தீவில் கேட்ட முதல் சத்தம், சமையல்காரம்மாவின் அலறல்.

சின்னஞ்சிறு தீவு அது. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தால், சிகரெட் முடிவதற்குள் தீவு முடிந்துவிடும். விருந்தாளிகளுக்கு இரண்டு ஓலைக் குடில்கள், நடுவில் சாப்பாட்டுக் கூடம், அதற்குப் பின்னால் படகுக்காரரும் அவர் மனைவி சமையல்காரம்மாவும் இருக்கும் ஓர் அறை. அவ்வளவுதான். ‘உங்களைத் தவிர யாருமே இல்லாத அமைதி’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அன்று காலை அந்த அமைதியே எல்லோரையும் பயமுறுத்தியது.

இன்ஸ்பெக்டர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். ஒரு வாரம் போலீஸ் பேச்சே கூடாது என்று கணவரிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தவள். பாவம், மூன்றாம் நாளே அந்தச் சத்தியம் காற்றில் போனது. கணக்கு வாத்தியாரான கணவர், மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

கிழக்குப் பக்கத்தில் பாறைகள் வளைத்து நிற்பதால் கடல் குளம்போல அடங்கிக் கிடக்கும், கரையில் சின்ன அலைதான் வந்து போகும். இடுப்பளவு ஆழம்தான். அந்தத் தண்ணீரில் அடுத்த குடிலில் தங்கியிருந்த ஜவுளிக்கடை முதலாளியம்மா குளியல் உடையோடு குப்புற மிதந்துகொண்டிருந்தாள். கரையில், அலை எட்டாத உயரத்தில் ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் அவளுடைய நீளச் சட்டையும் பேண்டும் ஷாலும் சேர்ந்து இருந்தன. கழுத்துப் பூவேலை மேலே தெரிய, காற்றில் பறக்காதபடி ஒரு கல் அமர்ந்திருந்தது.

“நான் எதையும் தொடலம்மா. பார்த்தேன், கத்தினேன்,” என்றாள் சமையல்காரம்மா.

முதலாளியம்மாவின் கணவர் ஜவுளிக்காரர் கடைசியாக வந்தார். கலைந்த தலை, கசங்கிய பைஜாமா. தண்ணீரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மணலில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தில் அறைந்துகொண்டு அழுதார்.

உடலைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஈரக் கூந்தலை ஒதுக்கினாள். பிடரியில் இரண்டு கட்டைவிரல் தடங்கள், ஊதா நிறத்தில்.

“கால் வழுக்கி விழலையா?” என்றார் வாத்தியார் மெதுவாக.

“இல்ல. யாரோ பிடிச்சு அமுக்கியிருக்காங்க.”

வயர்லெஸ்ஸில் தகவல் போனது. கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, போலீஸ் லாஞ்ச் மதியத்துக்கு மேல்தான் வரும் என்று பதில் வந்தது. அதுவரை தீவில் உயிரோடு இருப்பது ஐந்து பேர். அந்த ஐந்தில் ஒருவர் கொலைகாரர். அடுப்பில் கொதித்த தேநீரை யாரும் தொடவில்லை.

முந்தைய நாள் மாலை சாப்பாட்டுக் கூடத்தில்தான் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வறுத்த மீன் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா ஷாலை உருவி நாற்காலியில் வீசினாள். அது வழுக்கித் தரையில் விழுந்தது. ஜவுளிக்காரர் பேச்சை நிறுத்தாமலே குனிந்து எடுத்து, நாலு உதறலில் மடித்து, கரை தெரிய மேசைமேல் வைத்தார்.

“இவ போற வழியெல்லாம் துணிதான். ஒரு நாள் மடிச்சு வச்சதில்ல,” என்று சிரித்தார்.

“மடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே,” என்றாள் அவள். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, “எங்க அப்பா கடைக்கு சேல்ஸ்மேனா வந்தவர் இவர். நல்லா மடிக்கிறாரேன்னு மாப்பிள்ளை ஆக்கிட்டாங்க. கடை இன்னும் என் பேர்லதான். ஊருக்குப் போனதும் தம்பிகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்,” என்றாள்.

ஜவுளிக்காரரும் சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

“பாத்துக்கோங்க வாத்தியாரே. நம்ம வீட்ல நாற்காலி மேல மலையே இருக்கு,” என்று இன்ஸ்பெக்டர் தன் கணவரை இடித்தாள்.

“மலையில பாதி உன்னோடதுதான் மேடம்!”

“காலையில கடல்ல குளிக்கலாமே,” என்று சமையல்காரம்மா இடையில் சொன்னபோது, முதலாளியம்மா தலையை ஆட்டினாள். “ஐயோ, தனியாவா? இவர் கையைப் பிடிக்காம முட்டிக்கு மேல தண்ணியில இறங்க மாட்டேன்.”

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது இன்ஸ்பெக்டரின் காதில் வேறு மாதிரி கேட்டது. பாறைமேல் இருந்த துணியைக் குலையாமல் ஒரு தட்டில் ஏந்திக் கொண்டுவந்து, தன் குடிலில் வைத்துப் பூட்டினாள். பிறகு ஜவுளிக்காரரை உட்காரவைத்தாள்.

“அவங்க எப்ப எழுந்து போனாங்க?”

“தெரியாது மேடம். தூங்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.”

“அதுக்கு முன்னாடி வெளியே வந்தீங்களா?”

“இல்லவே இல்ல.”

“பாறைமேல துணி இருந்துச்சே. அதைத் தொட்டீங்களா?”

“அவளைப் பார்த்ததுமே மணல்லயே உட்கார்ந்துட்டேன். பாறைப் பக்கம் போகவே இல்ல.” கண்ணைத் துடைத்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “அவ கழுத்துல சங்கிலி இல்லையே! குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டா மேடம். முந்தாநாள் பெட்டியைத் தண்ணியில போட்டதுக்கு அந்தப் படகுக்காரனை இவ வாங்கு வாங்குன்னு வாங்கினாளே, ஞாபகம் இருக்கா? முதல்ல அவன் படகைத் தேடுங்க!”

தேடினார்கள். படகில் சுருட்டிக் கிடந்த வலைக்கு அடியில் சங்கிலி மின்னியது.

படகுக்காரர் அதைப் பார்த்து மரமாக நின்றார். “சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.”

“விடியக்காலையில எங்க இருந்தீங்க?”

“பின்பக்கம். இன்ஜினைக் கழட்டிப் போட்டு வேலை பார்த்துட்டிருந்தேன்.”

“யாராவது பார்த்தாங்களா?”

“யாரு இருக்கா இங்க பார்க்கிறதுக்கு?”

சமையல்காரம்மா வந்து இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, கோழி அறுக்கணும்னாகூட என்னை அறுக்கச் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிற ஆளும்மா இவரு. லாஞ்ச் வந்தா இவரைத்தானே கூட்டிட்டுப் போவாங்க? போனா திரும்பி வருவாரா? சொல்லுங்கம்மா.”

வருகிற அதிகாரி இன்ஸ்பெக்டருக்கு முன்பின் தெரியாதவர். அவர் கையில் சங்கிலி இருக்கும், சண்டை நடந்ததற்குச் சாட்சி இருக்கும். அவளிடம் இருந்ததோ மனசுக்குள் ஓர் உறுத்தல் மட்டும்தான். அதை வைத்து யாரை விடுவிக்க முடியும்?

மதியம். மேகம் இறங்கி வந்து கடலைக் கறுப்பாக்கியது. காற்று நின்றிருந்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. குடில் வாசலில் அவள் ஈரத் துண்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். வாத்தியார் அதை எடுத்து அரைகுறையாகக் கொடியில் வீசினார்.

“நீ கழட்டிப் போட்டா அந்த இடத்துலயே கிடக்கும். யாராவது பின்னாடி வந்து எடுக்கணும்,” என்று முணுமுணுத்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

“என்ன, கோவமா? சும்மாதான் சொன்னேன்...”

“கோவம் இல்ல வாத்தியாரே. நீங்க தங்கம்!” அவள் எழுந்து, பூட்டியிருந்த அறையைத் திறந்து, தட்டில் இருந்த துணியின் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்துக் குடிலுக்குப் போய், இறந்தவளின் பெட்டியிலிருந்து இன்னொரு சட்டை, பேண்ட், ஷால் எடுத்து மூன்றையும் சேர்த்துக் கசக்கினாள்.

லாஞ்ச்சின் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியபோது, ஐந்து பேரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள்.

“அவங்க சாமானையெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்,” என்று சாதாரணமாகச் சொன்ன இன்ஸ்பெக்டர், கசங்கிய துணியைப் படகுக்காரரிடம் நீட்டினாள். “இதைக் கொஞ்சம் மடிச்சுக் கொடுங்க.”

படகுக்காரர் விழித்தார். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, இரண்டு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். சமையல்காரம்மா அந்த நேரத்திலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அதைப் பிரித்து ஜவுளிக்காரர் முன்னால் போட்டாள். “இது அவங்களோடதுதானே?”

“ஆமா மேடம். நம்ம கடைச் சரக்குதான்.”

“கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு?”

“எட்டு வருஷம்.” அவர் கை துணியை எடுத்தது.

“சண்டை போடுவீங்களா?”

“எந்த வீட்ல இல்ல மேடம்? ஆனா அவ மேல எனக்கு உயிரு...” பேசப் பேசக் கை வேலை செய்தது. தாடையில் கழுத்துப்பட்டையை இடுக்கி ஓர் உதறல். சட்டைக் கைகள் இரண்டும் பின்னுக்குப் போயின. பேண்ட் நாலாக மடிந்து உள்ளே நுழைந்தது. ஷால் விசிறியாகி, கரை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி கழுத்துக்குள் செருகிக்கொண்டது. பூவேலை மேலே தெரிந்தது. கடைசியாக உள்ளங்கையால் இரண்டு தடவல். வாடிக்கையாளர் முன்னால் வைப்பதுபோல அதை மேசைமேல் வைத்தார்.

இன்ஸ்பெக்டர் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒன்றே. அதே விசிறி, அதே கரை, அதே பூவேலை. ஒன்றில் மட்டும் கொஞ்சம் மணல்.

லாஞ்ச்சின் இரைச்சல் கரைக்கு வந்தது.

“ஒரு நாள்கூட மடிச்சதில்லன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர். “அப்புறம் இதை மடிச்சது யாரு? உங்க கையைப் பிடிக்காம தண்ணியில இறங்க மாட்டேன்னு அவங்களும் சொன்னாங்க. விடியக்காலையில நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. அவங்க வழக்கம்போலத் துணியைக் கழட்டின இடத்துலயே போட்டுட்டு, உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம், அலை துணியை இழுத்துட்டுப் போனா அவங்க தானா குளிக்க வந்த மாதிரி தெரியாதேன்னு பயந்தீங்க. எடுத்துப் பாறைமேல வச்சீங்க. சங்கிலியைப் படகுல போட்டீங்க. எல்லாத்தையும் யோசிச்சுச் செஞ்ச ஆளு, உங்க கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பார்க்கல.”

ஜவுளிக்காரர் தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். இதுவரை பார்த்திராத யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல இருந்தது.

“எட்டு வருஷம்,” என்றார். குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. “வர்றவங்க எல்லார்கிட்டயும், ‘இவர் நம்ம சேல்ஸ்மேன்’னு சொல்லிச் சிரிப்பா. நானும் சிரிப்பேன். மடிச்சது எனக்கே தெரியாது மேடம்.”

படகுக்காரர் அப்படியே தரையில் குந்தி அழுதார். சமையல்காரம்மா அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் வாத்தியாரும் இன்ஸ்பெக்டரும் கிளம்பினார்கள். மிச்சமிருந்த நாள்களை அங்கே கழிக்க இருவருக்கும் மனம் வரவில்லை. கட்டில் முழுக்க அவள் துணி. வாத்தியார் ஒரு சட்டையை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கைகளைப் பின்னுக்கு மடக்கிப் பார்த்தார். அன்று மாலை கூடத்தில் கேட்ட கிண்டல் அவருக்கு இன்னும் உறைத்துக்கொண்டிருந்தது போலும்.

“வேண்டாம்,” என்றாள் அவள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

“முந்தாநாள் எல்லார் முன்னாடியும் உங்களைக் கிண்டல் பண்ணேனே. வலிச்சுதா?”

“போடி, பைத்தியம்.”

“வலிச்சா சொல்லணும். சிரிக்கக் கூடாது. சரியா?”

அவர் தலையாட்டினார். துணியையெல்லாம் வாரிப் பெட்டிக்குள் அமுக்கி, இரண்டு பேரும் மேலே ஏறி உட்கார்ந்து மூடினார்கள். வாசலில் படகுக்காரர் பெட்டியைத் தூக்கத் தயாராக நின்றார். மூடியின் ஓரத்தில் ஒரு சட்டைக் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். உள்ளே தள்ளவில்லை.