குளிர் ரூமிலிருந்து ஒரு மணி

மணி மறுபடியும் அடித்தது. குளிர் ரூமுக்குள் ஆள் கிடையாது. தகரக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பழைய திராட்சையின் புளித்த வாடையைச் சுமந்துகொண்டு வெள்ளைப் புகையாய்க் குளிர் வாசல் தாண்டி வழிந்தது. உள்ளே சுவரில் இருந்த சிவப்புப் பட்டனை யாரும் தொடவில்லை. ஆனாலும் ஆபீஸ் மேசையில் மணி கத்திக்கொண்டே இருந்தது.

"உன் மணிக்குப் பேய் பிடிச்சிருச்சுக்கா" என்றான் நவாஸ், வாய் நிறைய முறுக்கோடு.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. எங்கனயோ ஒயரு லூசு" என்று பல்லைக் கடித்தாள் ரஃபியா. "சிரிக்காம அந்த டார்ச்சைப் பிடி."

கோம்பை ரோட்டில் பக்கீர் முகம்மதுவின் திராட்சைக் குடோன் அது. போன சித்திரையில் பாண்டீஸ்வரன் என்கிற லோடுமேன் இந்த ரூமுக்குள்தான் விறைத்துக் கிடந்தான். இங்கே உள்ளே போகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். சாயங்காலம் பூட்டுகிறவர் தரையைப் பார்ப்பார். செருப்பு இல்லையென்றால் ஆள் இல்லை, தாழ்ப்பாள் விழும். பாண்டீஸ்வரன் வீரபாண்டிக் கோயிலுக்கு மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டியிருந்தான். வெறுங்கால் விரதம். கழற்றிப் போட அவனிடம் செருப்பே இல்லை.

அன்றைக்கும் சுவரில் பட்டன் இருந்தது. பட்டனுக்குப் பின்னால், வைஃபையில் ஆபீஸ் மணியை அடிக்க, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டும் இருந்தது. விடிய விடிய அவன் அழுத்தியிருக்கிறான். வைஃபை சிக்னல் அந்தத் தகரச் சுவரைத் தாண்டவேயில்லை. செல்போனும் அப்படித்தான் செத்துப்போகும் அங்கே. உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடியோ பனியில் இறுகிப்போன வெறும் இரும்பு.

அதனால்தான் இப்போது ஒயர். சுவரைத் துளைத்து, குழாய் பதித்து, ஆபீஸ் வரைக்கும் லேன் கேபிள் இழுத்தாயிற்று. "போர்டு நல்லாத்தானே இருக்கு, அதுலயே மாட்டிவிடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆகவே அதே பழைய போர்டு. அதில் லேன் சாக்கெட் வைத்த சின்னத் துண்டு ஒன்றை, தலைமுடி போல ஏழு ஒயர்களால் பற்றவைத்திருந்தாள். நாளைக்கு நவாஸ் இங்கே லோடு வேலைக்குச் சேருகிறான். வேறு எந்த வேலையையும் அரைகுறையாக விடலாம். தம்பி போகிற ரூமுக்கு இந்த மணி பொய் சொல்லக்கூடாது.

பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கேபிள் முனையை வெட்டி வேறு முனை அடித்தாள். அடாப்டரை மாற்றினாள். பட்டனையே கழற்றிப் புதுசு போட்டாள். ஈயம் உருகிய புகையில் கண் எரிந்தது. சாக்கெட்டில் பச்சை விளக்கு எரிந்தால் மஞ்சள் எரியாது. இரண்டும் எரிந்தால் மணி தானாக அடிக்கும். பொழுது சாயச் சாய மலைப் பக்கமிருந்து மழை இறங்கி, கூரைத் தகரத்தில் புளியங்கொட்டையைக் கொட்டுகிற மாதிரி சத்தம் போட்டது.

கடைசியாக மணி ஓய்ந்தது.

"உள்ள போயி மூணு தரம் அழுத்து. நான் ஆபீஸ்ல பாக்குறேன். ஏலே, செருப்பைக் கழட்டாத! ஈரத் தரை, கரண்டு சமாச்சாரம். போட்டுக்கிட்டே போ."

"உத்தரவு மேடம்" என்று சலாம் வைத்துவிட்டு அவன் புகைக்குள் நுழைந்தான்.

ஆபீஸில் மேசை முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் வரவில்லை. மழைச் சத்தம்தான். கேபிளை ஆட்டினாள். ஒன்றுமில்லை. திட்டித் தீர்க்க ஆள் தேடியபோது பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. முதுகில் குளிர் பட்டது.

"வந்துட்டியா? அழுத்துனியா இல்லையா?"

"அழுத்துனேன்."

"எத்தனை தரம்?"

"நெறைய."

"மூணுன்னுதானே சொன்னேன்! ஒண்ணுகூட வரல, பாரு. குரல் ஏன் கட்டிப்போச்சு?"

"குளிருலக்கா."

மணி அடித்தது. மூன்று. கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று.

ரஃபியா மேசையில் குத்தினாள். "நீ இங்கன உக்காந்திருக்க. அங்கன எவன் அழுத்துறான்? சனியன், திரும்பவும் பொய்!"

"அதைக் கழட்டிரு, அக்கா."

மூன்று. மூன்று. இப்போது வேகமாக.

"தலை வலிக்குது. கழட்டிரு."

வெறுப்போடு கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே பைக்கின் வெளிச்சம். பூட்டுகிற கர்ணன், தலையில் சாக்கு மடித்துப் போட்டிருந்தார்.

"ஆத்தா, ரூமைத் தாழ்ப்பா போட்டுட்டேன். வாசல்ல ஒரு செருப்பும் கெடக்கல. தம்பி வீட்டுக்குப் போயிட்டானா?"

"இங்கனதான் உக்காந்திருக்கான் மாமா."

கர்ணன் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். "எங்கன? நீ ஒத்தையிலதான உக்காந்திருக்க. வேலை பாத்து மண்டை காஞ்சிருச்சு ஒனக்கு, வீட்டுக்குப் போத்தா." சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

செருப்பு. போட்டுக்கிட்டே போ. அவள்தான் சொன்னாள்.

கத்த நினைத்தாள். அதற்குள் பைக் சத்தம் கேட்டைத் தாண்டிவிட்டது. பின்னால் நாற்காலிப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, தடவி, கேபிளைச் செருகினாள். பச்சை எரிந்தது. மஞ்சள் துடித்தது.

மூன்று. மூன்று.

இரண்டு.

வெகுநேரம் கழித்து, ஒன்று.

ஓடினாள். மழை. சேறு. இருட்டு. தகரக் கதவு. கதவில் கையகலக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் நவாஸின் முகம். உதடு நீலம். வாய் திறந்து மூடுகிறது. சத்தம் வரவில்லை. அவன் மூச்சு கண்ணாடியில் வெள்ளை வட்டமாய்ப் படிந்தது.

தாழ்ப்பாளைப் பிடித்தாள். இழுத்தாள்.

அவள் கையின் மேல் இன்னொரு கை வந்து உட்கார்ந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. விரல்கள் முழுக்கப் பனி பூத்திருந்தது. அந்த அடைமழையிலும் அது கரையவில்லை. கை அவசரப்படவில்லை. இரும்போடு சேர்த்து அவள் விரல்களை மெதுவாக, மெதுவாக இறுக்கியது.

கண்ணாடியில் வெள்ளை வட்டம் கையளவு இருந்தது.

பிறகு காசளவு.