வெட்டுக்காயப் பூண்டும் கெளுத்தி முள்ளும்

எங்கள் தெருவில் யாருக்கு முட்டி சிராய்ந்தாலும் நேராக என்னிடம்தான் வருவார்கள். என் பெயர் சிநேகா, ஆறாம் வகுப்பு. ஆனால் நெம்மேலிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்தில் என்னை எல்லாரும் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

எல்லாம் எங்கள் அறிவியல் டீச்சர் ஹெலன் மிஸ் செய்த வேலை. பள்ளிக் கண்காட்சியில் வெட்டுக்காயப் பூண்டைப் பற்றி என்னைப் பேச வைத்தார். வேலியோரம் படர்ந்து, மஞ்சள் நடுவோடு சின்னதாகப் பூக்குமே, அந்தச் செடி. “இதன் இலைச்சாற்றில் இரத்தத்தை நிறுத்தும் பொருள் இருக்கிறது. புதுத் தோல் வளர உதவும் பொருளும் இருக்கிறது” என்று மைக்கில் சொன்னேன். நைனா கைதட்டினார் பாருங்கள், எல்லாரும் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. எனக்கு ஒரே வெட்கம்.

நைனா என்றால் என் அப்பா லோகு. படகில் போய் மீன் பிடிப்பவர்.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது கீழே விழுந்து வர மாட்டார்களா என்று வாசலிலேயே நிற்பேன். அவ்வளவு பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வலையிலிருந்து மீனை உதறும்போது நைனாவின் கால் பெருவிரலில் கெளுத்தி மீனின் முள் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கினு வாய்யா” என்றாள் அம்மா.

“இன்னாத்துக்கு? வூட்லயே டாக்டரம்மா கீதே!” என்று நைனா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் தழையைக் கசக்கிச் சாறு பிழிந்து, துணி வைத்துக் கட்டினேன். இரத்தம் நின்றது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புதுத் தழை வைத்துக் கட்டினேன். நாலாவது நாள் காயத்தின் வாய் மூடிக்கொண்டது. அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

“எப்டி கீது நைனா?”

“சூப்பரா கீது, டாக்டரம்மா.”

ஒன்பதாவது நாள் சனிக்கிழமை. கடலிலிருந்து வந்த நைனா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. காயம் மூடிய பிறகு அவிழ்க்காமலே விட்டிருந்த கட்டை அவிழ்த்தேன். குப்பென்று ஒரு நாற்றம். பெருவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் லேசாகத்தான் அழுத்தினேன். நைனா உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வந்தது.

“வலிக்குதா நைனா?”

“சேச்சே, கண்ல தூசி.”

அம்மா விரலைப் பார்க்காமலே, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டே அவசரமாகச் சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் தழ வச்சுக் கட்டுடி. அதான் காயம் மூடிக்கிச்சே.”

வேலிக்குப் போய் ஒரு கை நிறையப் பறித்தேன். அப்புறம் அப்படியே நின்றேன். என் தழை வேலை செய்யவில்லை என்று சொன்னால் தெருவே சிரிக்கும். சொல்லாவிட்டால்? அந்த நாற்றம் மூக்கைவிட்டுப் போகவே இல்லை. தழையைக் கீழே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன்.

மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நைனாவோடு கடலுக்குப் போகும் இருசப்பன் மாமா கூட்டத்தின் நடுவில் நின்றார்.

“மாமா! என் தழ வேல செய்யல! நைனா கால் நாறுது!” என்று கத்தினேன்.

எல்லாரும் திரும்பினார்கள். “இன்னா டாக்டரம்மா, உன் வைத்தியம் புட்டுக்கிச்சா?” என்று யாரோ சிரித்தார்.

“ஆமா, புட்டுக்கிச்சு! சீக்கிரம் ஆட்டோ கூப்புடு மாமா!”

மாமா என் முகத்தைப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் ஆட்டோவோடு வீட்டு வாசலில் நின்றார். “உன்ன யாரு சொல்லச் சொன்னது?” என்று நைனா என்னைத் திட்டினார். அவர் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. திருக்கழுக்குன்றம் தாண்டி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை நான் ஆட்டோக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயில் ஒரு கோடு தெரிந்தது. உடைந்த முள் உள்ளேயே இருந்தது. டாக்டர் சுஜாதா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். “விரலை எடுத்துத்தான் ஆகணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலே போயிருக்கும். நல்லவேளை, கூட்டிட்டு வந்தீங்க.”

நல்லவேளையாம்! வராண்டாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான்தான் தழ வச்சுக் கட்டுனேன்” என்றேன்.

“உன் இலை மேல தப்பில்லைம்மா. ரத்தத்தை நிறுத்துச்சு, தோலை மூடுச்சு. உள்ள கிடக்கிற முள்ளை எடுக்கிற வேலை அதுக்குத் தெரியாது. ஆழமா குத்தின காயத்துக்கு முதல்ல ஆஸ்பத்திரிதான்.”

எனக்குப் புரிந்தது. ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

நைனா நாலு விரலோடு வீட்டுக்கு வந்தார். ஆடுகிற படகில் கால் ஊன்றி நிற்கப் பெருவிரல் வேண்டும். அதனால் இருசப்பன் மாமா வேறு ஆளோடு கடலுக்குப் போனார். நைனா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலை தைத்தார். நான் டீ கொடுக்கும்போதுகூடச் சுவரைப் பார்த்துத்தான் கொடுப்பேன். அந்தக் காலைப் பார்க்க எனக்குத் தைரியமே இல்லை. முட்டியைக் காட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளை, “இங்க டாக்டரு இல்ல, போங்கடி!” என்று விரட்டினேன்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாப்பா சிராய்த்த முட்டியோடு வந்தாள். அவளையும் விரட்டப் போனேன்.

“கொழந்தய ஏன் வெரட்டுற? சோப்புப் போட்டுக் கழுவிவிடு. உள்ள ஏதாச்சும் குத்திக்கினு கீதான்னு பாரு” என்றார் நைனா.

கழுவினேன். நன்றாகப் பார்த்தேன். மேல்தோல் சிராய்ப்புதான். பாப்பா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய்கூட எழுந்து ஓடிப்போனது. நைனா சிரித்துவிட்டார்.

பாப்பா போன பிறகு நான் கேட்டேன். “இம்மாம் சின்னக் காயத்துக்கே அவ அப்டிக் கத்துறா. உனக்கு அவ்ளோ வலிச்சும் ஏன் நைனா சொல்லல?”

நைனா வலையைக் கீழே வைத்தார்.

“தெனம் பையக்கூட வைக்காம எனக்குத் தழ பறிக்க ஓடுவியேம்மா. அந்த மூஞ்சியப் பாத்து எப்டிச் சொல்றது?”

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

“இனிமே சொல்லணும். என் மேல சத்தியம்!”

“சரிம்மா.”

அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் காலைப் பார்த்தேன். விரல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் மெதுவாகத் தொட்டேன்.

“இப்போ?”

நைனா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“வலிக்குதும்மா” என்றார். “ரொம்ப வலிக்குது.”

நான் அவர் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.