ஏழாம் அலைக்கதவின் பூட்டு

ஏழாம் அலைக்கதவு பாதி மூடியபடி நின்றுபோனது. கடலோ ஏறிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியின் பாதி ஊர் இப்போது கடல்மட்டத்துக்குக் கீழே. கரை நெடுக நிற்கும் இந்தக் கதவுகள்தான் அதைக் காக்கின்றன. ஒவ்வொரு கதவுக்குள்ளும் நகத்தளவு சில்லு ஒன்று உண்டு. குறுமூளை என்பார்கள். அது சொன்னால்தான் கதவு அசையும்.

கதவுகளைக் கைப்பற்றி ஊரையே மிரட்டும் கும்பல்கள் பெருகிய காலம். அவர்களுக்கு எதிராக, நிரலாலேயே ஒரு பூட்டு எழுதியவள் பொறியாளர் ஜெனோவா. நிரலைத் திருத்த உள்ளே நுழையும் வழிக்குப் பழுதுவாசல் என்று பெயர்; குறுமூளை விழித்ததும், வெளியாள் நுழையாதபடி அதை அடைத்துவிட வேண்டும். அவள் இட்ட முதல் கட்டளை அது. எத்தனையோ கும்பல்கள் முட்டிப் பார்த்துத் தோற்றிருந்தன.

புது நிரலைச் சோதிக்கும்போது பூட்டை நிறுத்திவைக்க வேண்டும். இன்று மறந்துவிட்டாள். ஏற்றிய புது நிரலில் பிழை, கதவு பாதியில் நின்றுவிட்டது; திருத்தலாமென்றால் வாசல் இல்லை.

“என்னக்கா, உள்ள போக முடியலையா?” என்றான் உதவிப் பொறியாளன் கஸ்பார்.

“நான் போட்ட பூட்டுல்லா! லேசுல திறக்குமா?” வியர்த்துக் கொட்டியும் குரலில் பெருமை குறையவில்லை.

தண்ணீர் மீன்பிடித் துறையின் படிகளைத் தொட்டது. ஜெனோவா சட்டென்று நிமிர்ந்தாள். மறுதொடக்கப் பொத்தானை அழுத்தியே வைத்திருந்தால் குறுமூளை உறங்கும். விட்டதும் விழிக்கும். விழிப்பதற்கும் முதல் கட்டளையைப் படிப்பதற்கும் நடுவே மயிரிழை நேரம் இருக்கிறது, வாசல் அடைபடுமுன் நுழைந்துவிடலாம்.

“அழுத்திப் பிடி. நான் சொன்னதும் விடு.”

அவளுடைய கணினி பழுதுவாசலைத் தட்டிக்கொண்டே இருந்தது. விட்டான்; தவறியது. மறுபடி, மறுபடி. கடைசியில் திரையில் ‘இணைந்தது’ என்று மின்னியது. பழைய நிரலை ஏற்றினாள். கதவு கிறீச்சிட்டு மூட, அலை அதில் மோதித் திரும்பியது.

“பாத்தியால! என் பூட்டைத் திறக்க நானேதான் வரணும்!”

கஸ்பார் சிரிக்கவில்லை. “நீங்க நுழைஞ்ச வழியில இன்னொருத்தன் நுழைய மாட்டானாக்கா?”

அவள் முகம் சுருங்கியது. பிறகு இறுகியது. குறுமூளைக்குள் ஒரு நுண்ணிழை உண்டு. அதை எரித்துவிட்டால் வாசலே இருக்காது, யாருக்கும், என்றைக்கும். எல்லாக் கதவுகளின் நிரல்களையும் வரிவரியாகச் சரிபார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. எல்லாக் கதவுகளின் இழைகளையும் எரிக்க ஒரே ஆணையாக எழுதினாள்.

“இனி எவன் வந்தாலும் அசைக்க முடியாது. நானே வந்தாலும்!”

“சரிதான்க்கா. ஆனா கடல் வருசாவருசம் ஏறுதே, எந்த மட்டத்துல கதவு மூடணும்னு நிரல்லதான இருக்கு, அதை அப்ப எப்படி மாத்துவிய?”

அவள் விரல் அதற்குள் ஆணையை அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டிருந்தது.