நான்கு நிமிடக் காணொளி

பழைய திரைப்படங்கள் இரண்டையும் அழித்த பிறகு, ரஞ்சனியின் மடிக்கணினியில் காலி இடம் கூடவில்லை, குறைந்திருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். காலையில் இரண்டு ஜிபி மிச்சம் இருந்தது. இப்போது ஒன்றரை. வெளியே கே.கே. நகரின் சனிக்கிழமை மதியம் வழக்கம்போலவே நகர்ந்துகொண்டிருந்தது. விமானம் ஒன்று தாழ்ந்து இறங்கும் இரைச்சல் ஜன்னல் கம்பிகளை அதிர வைத்துவிட்டு ஓய்ந்தது. கீழ்வீட்டிலிருந்து தாளிப்பு மணம் ஏறி வந்தது. மின்விசிறி தன் பழைய முனகலோடு சுற்றியது. மொத்தமே முப்பத்திரண்டு ஜிபி கொண்ட சின்ன மடிக்கணினி அது. அதிலும் பாதியை விண்டோஸ் விழுங்கியிருந்தது. நான்கு மணிக்கு வேலைக்கான தேர்வு. எழுதுபவரைக் கேமரா வழியே கண்காணிக்கும் மென்பொருளை நிறுவ ஆறு ஜிபி வேண்டும். மணி இரண்டே முக்கால்.

இது அவளுடைய மூன்றாவது தேர்வு. முதல் இரண்டையும் அவள் எழுதவேயில்லை. ஹால் டிக்கெட்டை மாமனார் மருதை கிழித்துப் போட்டிருந்தார். உப்பிலியபுரத்தில் மரவள்ளி பயிரிட்டவர், மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டவர். அவர் ஒருநாளும் கத்தியதில்லை. அவள் படித்துக்கொண்டிருக்கும்போது இடது காலை இழுத்து இழுத்துப் பின்னால் வந்து நிற்பார். இரண்டு முறை செருமுவார். சாப்பிட்டுக் கழுவிய ஈரக் கையை அவள் தோளுக்கு மேலாக நீட்டிப் புத்தகத்தை மூடுவார். அவ்வளவுதான். அவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது.

எடமலைப்பட்டி புதூரில் டயர்க் கடை வைத்திருந்த கணவனை அழைத்தாள்.

"என்னங்க, அழிக்க அழிக்க எடம் கொறையுதுங்க."

"நம்ம வீட்டு பீரோ மாதிரிதான்," என்று சுரேஷ்குமார் சிரித்தான். "ஒரு தட்டைக் காலி பண்ணினா உன் பொடவை நாலு வந்து ஒக்காந்துக்குது. எது பெருசுன்னு வரிசைப்படுத்திப் பாரு."

பார்த்தாள். பட்டியலின் உச்சியில், கைபேசியிலிருந்து அவள் மாற்றி வைத்திருந்த 'அப்பா – அம்மாமண்டபம்' என்ற காணொளி நின்றது.

"அன்னைக்கு எடுத்த வீடியோ எவ்வளவு நேரங்க?"

"நாலு நிமிஷம். பானுவுக்கு அனுப்பத்தானே எடுத்தே. ஏன்?"

"ஒம்பது ஜிபின்னு காட்டுது."

"ஏதாவது கோளாறா இருக்கும். அதை மட்டும் அழிச்சிராத, ரஞ்சி. அப்பாவோட கடைசி வீடியோ." சற்றுத் தயங்கினான். "பரீட்சை என்ன, அடுத்த வருசமும் வரும்."

"இதையேதான் உங்கப்பாவும் சொன்னாரு, ரெண்டு தடவை," என்று சொல்லிவிட்டு அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

அன்று ஸ்ரீரங்கம் அம்மாமண்டபப் படித்துறையில் அஸ்தியைக் கரைத்து முடித்ததும், சடங்கு செய்து வைத்தவர் எல்லோரையும் கரையேறச் சொன்னார். "யாரும் திரும்பிப் பாக்காம நடங்க. கூப்பிடற மாதிரி இருந்தாலும் பாக்காதீங்க." யாரும் திரும்பவில்லை. ரஞ்சனியும் திரும்பவில்லை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து வர முடியாத நாத்தனார் பானுப்ரியாவுக்காக, செல்ஃபி எடுப்பதுபோல் கைபேசியை முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரையில் அவளது கன்னத்தின் ஓரம். அதற்குப் பின்னால் வரிசையாக உறவினர்கள். அவர்களுக்கும் பின்னால் படிகள், ஆறு. மனிதர்கள் எல்லோரும் முன்னால் பார்த்து நடக்க, கைபேசி மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தது. அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை. "அழகா எடுத்திருக்கீங்க அண்ணி," என்று பானு பதில் அனுப்பியிருந்தாள்.

ரஞ்சனி காணொளியைத் திறந்தாள். நீளம் ஒன்பது மணி நேரம் பதினேழு நிமிடம் என்று இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினேழு பதினெட்டானது.

முதல் நான்கு நிமிடங்கள் அவள் எடுத்தவைதாம். ஐந்தாம் நிமிடத்தில் உறவினர்கள் இல்லை. அவளுடைய கன்னமும் இல்லை. அதே உயரத்தில், அதே மெல்லிய ஆட்டத்தோடு, கைபேசியைப் பிடிக்க ஒரு கை இல்லாமலே காட்சி நகர்ந்துகொண்டிருந்தது. வெறிச்சோடிய படித்துறை. கடைசிப் படியில், தண்ணீரிலிருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளை வேட்டி.

அவள் காணொளியை விரைவாக ஓட்டினாள். அம்மாமண்டபம் சாலையில் பூக்கடைகளுக்கு நடுவே அந்த வேட்டி வந்தது. ஒருவரும் விலகவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை. காவிரிப் பாலத்தின் நடைபாதையில் வந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தின் நெரிசலில், மலைக்கோட்டையின் நிழலில், பாலக்கரையில், டி.வி.எஸ். டோல்கேட்டில், எங்கும் அதே நடை. இடது கால் தரையில் உரசும் ஒலியோடு இழுபட்டது. முகம் மட்டும் ஈரத்தில் கரைந்த சாந்துபோல் இருந்தது. ஒவ்வொரு நாளும் அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த நேரமெல்லாம் அது நடந்திருக்கிறது.

சின்ன வயதில் படித்த கதை ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. மழைக்காலத்துக்குத் தானியம் சேர்க்க நினைத்த எலி ஒன்று, தன் வளையில் தினமும் ஓர் அறை கூடுதலாகத் தோண்டியதாம். மறுநாள் காலையில் அந்த அறையில் குளிர்ச்சியாக ஏதோ படுத்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்குமாம். எலி சலிக்காமல் அடுத்த அறையைத் தோண்டுமாம். அந்த எலி ஏன் ஒரு தடவைகூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று வகுப்பில் எழுந்து கேட்டவள் ரஞ்சனி.

"ரஞ்சனி! மோட்டாரை அணைச்சீங்களா இல்லையா?" கீழ்வீட்டு ஷரபுன்னிசாவின் குரல் கேட்டது. "மாடிப்படி பூரா தண்ணி! இப்பதான் தொடைச்சேன், என் இடுப்பு என்னாத்துக்கு ஆகும்?"

"மோட்டாரே போடலைக்கா."

"அப்ப யாரு நனைஞ்ச காலோட ஏறினது? மண்ணு வேற அப்பிக் கெடக்கு. ஆத்து மண்ணு மாதிரி!"

திரையில் இப்போது அவர்களுடைய தெரு. கீழ்வீட்டு வாசல். ஷரபுன்னிசாவின் துடைப்பம். படிகள்.

மணி மூன்று இருபது.

வேட்டி ஏறியது. ஒரு படி. இழுபடும் கால். இன்னொரு படி. வாசற்கதவு வந்தது. அது மூடியிருந்தது. காட்சி கதவைக் கடந்து கூடத்துக்குள் வந்து, பின்னால் பார்த்தபடி நின்றது.

அவளுடைய மேஜை இருக்கும் இடத்தில்.

திரையில் கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்கவில்லை. சேற்று வாடை மட்டும் வந்தது. ஈரத் துணி, சாம்பல், அவர் புகைத்த சுருட்டு.

அவள் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள், தவறு செய்த பிள்ளையை அதட்டுவதுபோல.

"இது என் கம்ப்யூட்டர்," என்று சத்தமாகச் சொன்னாள். "நான் சேத்து வச்சு வாங்கினது. இதுல ஒங்களுக்கு எடம் இல்லை மாமா."

காணொளியை அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று மடிக்கணினி கேட்டது. நீக்கினாள்.

காலி இடம் பத்தரை ஜிபி.

மென்பொருள் இறங்கியது, நிறுவப்பட்டது. வாடை போகவில்லை. முன்பு திரைக்குள்ளிருந்து வந்த நடையொலி இப்போது திரையில் இல்லை. கூடத்தின் தரையில் இருந்தது. அடைபட்டிருந்த ஒன்றைத் தானே வெளியே விட்டுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் திரும்ப வேண்டும்.

நான்கு மணி. கேமரா விழித்தது.

திரையின் மூலையில் அவளுடைய கன்னம். அதைச் சுற்றி ஒரு பச்சைச் சதுரம். பின்னால் கூடம், கதவு. எல்லாம் அன்று கைபேசியில் தெரிந்த அதே அமைப்பு. கதவருகே, ஆள் உயரத்தில், இன்னொரு பச்சைச் சதுரம்.

'தேர்வு எழுதுபவர் மட்டுமே கேமராவில் தெரிய வேண்டும். இருவர் தெரிகிறார்கள். மற்றவரை வெளியேறச் சொல்லவும்.'

"சொல்லிட்டேன்," என்றாள் ரஞ்சனி. "கேக்க மாட்டேங்கறாரு."

'தொடர்க' என்பதை அழுத்தினாள். முதல் கேள்வி வந்தது. இரண்டாம் சதுரம் பெரிதானது. கேள்வியைப் படித்தாள். சதுரம் இன்னும் பெரிதானது. சரியான விடையைத் தேர்ந்தாள். சதுரங்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன.

செருமல். ஒன்று.

இரண்டு.

"நில்லுங்க மாமா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க. நான் எழுதி முடிக்காம எந்திரிக்கிறதா இல்லை."

தோளில் ஒரு துளி விழுந்தது. ஆற்று நீரின் குளிர்ச்சி. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. சாம்பலும் மணலும் அப்பிய, நகங்களில்லாத கை. அது மடிக்கணினியின் மூடியைப் பற்றிக் கீழே அழுத்தியது. திரை மெல்லச் சாய்ந்தது.

அவள் இடது கையைக் கொடுத்து மூடியைத் தாங்கினாள். அந்த விரல்கள் அவளுடைய விரல்கள்மேல் படிந்து அழுத்தின. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சாண் இடைவெளியில், குனிந்து, வலது கையால் இரண்டாம் கேள்விக்குப் போனாள்.