அப்பா தாண்டிய பக்கங்கள்

எங்கள் வீட்டில் ஒரு சொல்லை யாரும் சொல்வதில்லை. கெட்ட வார்த்தை எல்லாம் இல்லை. 'அம்மா' என்ற சொல்தான்.

அம்மா இறந்த பிறகு இப்படி ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தால் அப்பா எழுந்து போய்விடுவார். முகம் கழுவப் போவார், மாடிக்குப் போவார், குப்பை கொட்டப் போவார். ஒருமுறை காலியான குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அதைப் பார்த்த பிறகு நானும் அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நீ பெரியவ. நீ அழுதா தம்பி பயந்துடுவான். அப்பாவையும் நீதான் பார்த்துக்கணும்."

எனக்குப் பதினொரு வயது. அதற்கு முன்பு என்னைத் தனியாகச் சாலையைக் கடக்கக்கூட யாரும் விட்டதில்லை. திடீரென்று நான் பெரியவள் ஆகிவிட்டேன். சரி என்று அழாமல் இருந்தேன்.  

அப்பா சைக்கிள் பழுது பார்ப்பவர். கடை எங்கள் வீட்டுக்குக் கீழேதான். முன்பெல்லாம் சீட்டி அடித்துக்கொண்டேதான் வேலை செய்வார். பஞ்சர் ஒட்ட ஒரு மெட்டு, செயினுக்கு எண்ணெய் விட இன்னொரு மெட்டு. இப்போது கீழேயிருந்து சுத்தியல் சத்தம் மட்டும்தான் வருகிறது.

தம்பிக்கு ஆறு வயது. அவனை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அவன் என்னிடம் கேட்டான்.

"அக்கா, அம்மா குரல் எப்படி இருக்கும்?"

"ஏன்டா கேக்குற?"

"மூஞ்சி ஞாபகம் இருக்கு. குரல் மட்டும் வர மாட்டேங்குது."

வாய் நிறைய நுரையோடு அவன் அதைச் சொன்னான். நானும் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அந்தக் குரல் சரியாக வரவில்லை. இப்படியே எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மா இன்னொரு தடவை எங்களை விட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவாரே.

அன்று மாலை நூலகத்தில் வாலுவுக்காக ஒரு புத்தகம் எடுத்தேன். அட்டையில் ஒற்றைக் காதுக் கழுதை ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

"அப்பாதான் படிக்கணும்!" என்று வாலு அடம் பிடித்தான். முன்பு கதை படிப்பவர் யார் என்று மூவருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

"சின்னப் பிள்ளைங்க கதைடா. எனக்கு அதெல்லாம் வராது" என்றார் அப்பா. ஆனால் வாலு விடுகிற ஆளா? அப்பா சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்ன தேய்த்தாலும் அவருடைய கட்டைவிரல் ரேகைகளில் இருக்கும் கறுப்பு போகாது.

கதையை அப்பா சைக்கிள் உதிரிபாகங்களின் விலைப்பட்டியல் போலப் படித்தார். ஒரு ஏழைப் பையன். அவனுடைய கழுதை. பக்கத்தில் ஒரு மலை. நடுவில் திடீரென்று நிறுத்தி, தொண்டையைச் செருமி, சில பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார்.

"மறுநாள் பையன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மலைக்குக் கிளம்பினான்."

"புதுச் சட்டை ஏதுப்பா?" என்றான் வாலு.

"வாங்கியிருப்பான்."

"காசே இல்லைன்னு இப்பதானே படிச்சீங்க?"

"யாராவது குடுத்திருப்பாங்க. கதையைக் கேளுடா."

அடுத்த நாள் கதையில் பனிமூட்டம் வந்தது. பையனும் கழுதையும் மலையில் வழி தவறிவிட்டார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. வாலு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அப்பா செருமினார், புரட்டினார்.

"பையன் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தான்."

"எப்படி வந்தான்?"

"நடந்துதான்."

"வழிதான் தெரியாதே!"

"கேட்டுக்கிட்டு வந்தான்."

"மலையில யாரைக் கேட்டான்?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "கழுதையை."

வாலு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இவ்வளவு மோசமான கதையை யார் எழுதியிருப்பார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். அப்பா படித்த பக்கங்களின் ஓரத்தில் எல்லாம் அவருடைய கட்டைவிரலின் மெல்லிய கறுப்பு அடையாளம் இருந்தது. நடுநடுவே சில பக்கங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. அந்தச் சுத்தமான பக்கங்களை மட்டும் படித்தேன்.

எல்லாவற்றிலும் பையனின் அம்மா இருந்தாள்.

தன் போர்வையை வெட்டிச் சட்டை தைத்துக் கொடுத்தது அவள்தான். பனிமூட்டத்தில் மகன் வழி தவறியபோது வாசலில் நின்று வாயில் விரல் வைத்துச் சீட்டி அடித்ததும் அவள்தான். அந்தச் சத்தம் வந்த பக்கமாகவே நடந்து அவன் வீடு சேர்ந்தான்.

அப்பா இன்னும் படிக்காத பக்கங்களுக்குப் போனேன். மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இறந்துவிட்டாள்.

கதை எழுதியவர் அங்கே 'தைரியமாக இரு' என்று எழுதவில்லை. 'நீ பெரியவன்' என்றும் எழுதவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் பையன் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் மெதுவாக நடந்து பார்த்தான் என்று மட்டும் எழுதியிருந்தார்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். அது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. என்னைப் பார்த்தே இராத இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

மாடிப்படியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். வலித்தது. ஆனால் நான் மட்டும் தனியாக இல்லை என்று முதல்முறையாகத் தோன்றியது.

அன்று மாலை அப்பா கடைசிப் பகுதிக்கு வந்தார். நிறையப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார்.

"பையன் மலைமேல் நின்று அழுதான்."

"ஏன்பா அழறான்?"

அப்பாவின் கண்கள் பக்கம் முழுக்க ஓடின. தாண்டுவதற்கு இனி இடமில்லை. மிச்சம் இருந்த எல்லாப் பக்கங்களிலும் அவள் இருந்தாள், இல்லாமல்.

"கால்ல முள்ளு குத்திடுச்சு" என்றார்.

"முள்ளுக்கா இவ்வளவு அழறான்?"

"பெரிய முள்ளு."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லப்பா. அவங்க அம்மா செத்துட்டாங்க" என்றேன்.

அப்பா புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார். எழுந்தார். மூலையில் இருந்த குப்பைக்கூடையை எடுத்தார்.

"அப்பா, கூடை காலியாத்தான் இருக்கு."

அவர் கதவருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் புத்தகத்தை எடுத்து, முதல் சுத்தமான பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

போர்வைச் சட்டையைப் படித்தேன். "அப்பாடா, சட்டை வந்துடுச்சு!" என்றான் வாலு. பனிமூட்டத்தைப் படித்தேன். அம்மா சீட்டி அடித்தாள் என்ற இடத்தில் நானும் விரலை வைத்து ஊதிப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது. வாலு முயன்றான். அவனுக்கு எச்சில்தான் வந்தது.

அப்போது கதவருகே இருந்து ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது.

மெல்லியதாக, நடுவில் உடைந்து உடைந்து வந்தது. அப்பா திரும்பவில்லை. அவருடைய தோள்கள் குலுங்கின. நான் படிப்பதை நிறுத்தவில்லை. காய்ச்சலைப் படித்தேன். செருப்பைப் படித்தபோது என் குரல் கம்மியது. வாலு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். பயந்துவிடுவான் என்றார்களே, அவன் பயப்படவில்லை. அழுதான், அவ்வளவுதான்.

அப்பா வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.

"உங்க அம்மாவுக்கு என் சீட்டியே பிடிக்காது" என்றார். கரகரவென்று இருந்தது குரல். "நான் கீழே சீட்டி அடிப்பேன். அவ மேலேருந்து கத்துவா. 'ஏஏஏங்க! உங்க சீட்டியைக் குக்கர் விசில்னு நெனைச்சு அடுப்பை அணைச்சுட்டேன். இன்னிக்கு அரை வேக்காடுதான், பேசாம சாப்பிடுங்க!'"

அந்த 'ஏங்க'வை அப்பா அப்படியே இழுத்தார். வாலு சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். கன்னமெல்லாம் ஈரம்.

"அந்தக் குரல்தான்! அக்கா, அதுதான்! அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க!"

அப்பா இன்னொரு தடவை சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவரால் முடிக்க முடியவில்லை. நாங்கள் அவரைக் கட்டிக்கொண்டோம். குப்பைக்கூடை நடுவில் இடித்தது.

பிறகு அவரே புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைப் படித்தார். பையன் மறுபடியும் பனிமூட்டத்தில் நிற்கிறான். வாசலில் நின்று சீட்டி அடிக்க இப்போது யாரும் இல்லை. அழுது முடித்துவிட்டு, அவனே வாயில் விரல் வைத்துச் சீட்டி அடிக்கிறான். கழுதை தன் ஒற்றைக் காதைத் தூக்குகிறது. நடக்கத் தொடங்குகிறது. விலைப்பட்டியல் போல இல்லாமல் படித்தார் அப்பா.

மறுநாள் எதுவும் சரியாகிவிடவில்லை. அம்மாவின் செருப்பு அதே இடத்தில் இருந்தது. அப்பா கஞ்சியை அடிப்பிடிக்க வைத்தார். கீழேயிருந்து சுத்தியல் சத்தம் மட்டும்தான் வந்தது, சீட்டி வரவில்லை. ஆனால் சாப்பிடும்போது வாலு, "அம்மா வச்சா அடிப்பிடிக்காது" என்றான். அப்பா எழுந்து போகவில்லை. "ஆமாடா, அவ கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டு அந்தக் கஞ்சியையே குடித்தார்.

அன்று மாலை அப்பா அதே கதையை முதல் பக்கத்திலிருந்து, ஒன்றையும் தாண்டாமல் மறுபடியும் படித்தார். அடுத்த நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நூலகத்து அக்கா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது? ஒரு பக்கம் விடாம கறுப்பா விரல் அடையாளம்! யார் படிச்சது?"

"எங்க அப்பா" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

"கையைக் கழுவிட்டுத் தொடச் சொல்லக் கூடாதா?"

"கழுவிட்டுத்தான் தொடுவார்க்கா. அது போகாது."

அவர் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். "அடுத்து யாருக்கு எடுக்கப்போற?" என்று மட்டும் கேட்டார்.

"அப்பாவுக்குத்தான்."

"பெரியவங்க புத்தகமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு."

"வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டுச் சிறுவர் அலமாரியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.