விடாய் தீர்ப்பவள்

தொண்ணூற்றேழாம் ஆண்டு வைகாசியில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து ட்ரக்டர் பெட்டியில் ஏறி வந்து, கண்டாவளைக்கு அப்பால் இறங்கினாள் ஆன்சலா. தாதியாக அவளுக்கு அது முதல் வேலை. இடம்பெயர்ந்து வந்த ஆஸ்பத்திரி பழைய நெற்களஞ்சியம் ஒன்றில் இயங்கியது. காய்ச்சல்காரரும் காயக்காரரும் ஒன்றாகக் கிடந்த அந்த வார்ட்டுக்கு யன்னல் இல்லை. உமி மணமும் டெற்றோல் மணமும் சுவரில் ஊறிக் கிடந்தன. வார்ட்டுக்கு அவள் ஒருத்திதான் தாதி. கூட்டித் துடைக்க அன்னபாக்கியம் இருந்தாள்.

முதல் கிழமையே மலேரியாக்காரர் ஒருவர் சொன்னார்: "தண்ணி பருக்கினதுக்குப் புண்ணியம், மிஸ்ஸி."

அவள் பருக்கவில்லை.

அன்னபாக்கியத்திடம் கேட்டாள். கூட்டிக்கொண்டிருந்தவள் தும்புத்தடியை நிறுத்தாமலே சொன்னாள்: "அது கமலாசனி மிஸ்ஸி. உங்களுக்கு முதல் இருந்தவா. இங்கயே காய்ச்சலில செத்துப்போனவா. தண்ணி தண்ணி எண்டு கேட்டவாவாம், குடுக்க ஒருத்தரும் இல்லை. இப்ப ஆர் கேட்டாலும் குடுக்கிறா."

ஆன்சலா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் கால் கடுத்து நின்ற நாட்களில், யாரோ தன் வேலையில் பாதியைச் செய்வது ஆறுதலாகக்கூட இருந்தது.

மாரி தொடங்கியதும் வீரகத்தியைக் கொண்டுவந்தார்கள். வயல் செய்கிற மனிதர். ஷெல் துண்டு குடலைக் கிழித்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு வேறு இடம் கொண்டுபோக வேண்டும், பாதையெல்லாம் வெள்ளம்.

"வாகனம் வருமட்டும் ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கக்கூடாது. குடுத்தா ஆள் தப்பாது," என்றுவிட்டு டொக்டர் வாகனம் தேடிப் போனார்.

மத்தியானமே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை இரைந்தது.

"பிள்ளை, விடாய்க்குது. ஒரு சொட்டு..." வீரகத்தி முனகினார்.

"பொறுங்கோ ஐயா."

நனைந்த மண்பானையின் வாசம் வந்தது.

வீரகத்தியின் தலை, பிடரியில் யாரோ கைகொடுத்ததைப் போல, தலையணையிலிருந்து மெல்ல எழும்பியது.

ஆன்சலா அவர் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். புறங்கையில் பனிபோன்ற தண்ணீர் விழுந்து வழிந்தது.

"அக்கா, இவருக்கு வேண்டாம். செத்துப்போவார்."

தண்ணீர் நிற்கவில்லை.

கையை எடுக்க முடியாது. எழும்ப முடியாது. கூப்பிட்டால் மழையில் கேட்காது. விரல்கள் விறைத்துப்போக, தண்ணீர் அவற்றின் இடுக்குகளைத் தேடத் தொடங்கியது. வேறு வழி தெரியாமல் அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"எனக்குத் தாங்கோ அக்கா. எனக்குத்தான் விடாய்."

புறங்கையில் விழுந்தது நின்றது.

குளிர்ந்த விரல்கள் அவள் பிடரியைத் தாங்கின.

அவள் குடித்தாள். மூச்சுவிட இடமில்லாமல் குடித்தாள். வயிறு கல்லாய்க் கனத்தும் விரல்கள் விடவில்லை. டொக்டர் ட்ரக்டரோடு வந்து சேர்ந்தபோதும் அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒன்றும் இருக்கவில்லை.

வீரகத்தி பிழைத்தார்.

வருடம் முடிந்தது. ஊர்ப்பக்கம் வேலை மாற்றம் கிடைத்தது. ஆன்சலா சைக்கிளில் புறப்பட்டாள். பாதை திரும்பும் முதல் முடக்கிலேயே விடாயில் தொண்டை எரிந்தது. கொண்டுவந்த போத்தலைக் குடித்து முடித்தாள். வழியில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் வாளியிலேயே வாய்வைத்துக் குடித்தாள். நாக்கு மரப்பட்டைபோலக் காய்ந்தே கிடந்தது.

"போதும் பிள்ளை, வயிறு வெடிக்கப்போகுது," என்று வீட்டுக்காரி பயந்துபோய்ச் சொன்னாள்.

ஆன்சலா சைக்கிளை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள்.

வார்ட்டில் அன்னபாக்கியம் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "என்ன மிஸ்ஸி, எதையும் விட்டிட்டுப் போனியளோ?"

ஆன்சலா வெறுங்கட்டிலில் போய் இருந்தாள். கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.

அன்னபாக்கியம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மிஸ்ஸியின் தொண்டை ஏறி இறங்கியது. வாயோரம் வழிந்து நாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.