இன்னும் ஒருத்தர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மூன்று சைக்கிள்கள் காட்டின் இரும்புக் கேட்டைத் தாண்டி நுழைந்தன. நகரத்தின் கடைசி அடுக்குமாடி வரிசைக்குப் பின்னால், மின்கோபுரங்களுக்குக் கீழே தொடங்கும் சிறிய காடு அது. கேட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காவலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

"திரும்பி வரும்போது அந்த ஆளைப் பாக்கணும்" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"நீ சொல்லியும் ஏன் போய்ப் பாக்கலன்னு ஒரே ஒரு தடவை கேக்கணும்."

தம்பி குனிந்து ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினான். ஏற்கெனவே மாட்டியிருந்த வார்தான்.

"ஏம்ப்பா, கண்ணாடிக் கடைக்காரா, கண்ணு திறந்திருக்கா?" என்று சிரித்தார் முன்னால் நின்ற சைக்கிள் மெக்கானிக். "அக்காவுக்குப் பின்னாடி நீதான் வால். தூங்கிடாத."

அந்தக் காட்டுப்பாதை ஒரு சைக்கிள் அகலம்தான். அதனால் ஒரு வழக்கம் உண்டு. எதிரே யாராவது நடந்து வந்தால், தனக்குப் பின்னால் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். முதல் ஆள் "இன்னும் ரெண்டு பேர்" என்பார். அடுத்தவர் "இன்னும் ஒருத்தர்." வாலாக வருபவர் "நான்தான் கடைசி" என்றதும், ஒதுங்கி நிற்பவர் மறுபடி நடப்பார்.

போன வருடம் இதே மாதம் அக்காவின் கணவர் வாலாக வந்தார். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்திலாவது ஆள் மாட்டிக்கொண்டால் போன் வரும், பாதியிலேயே திரும்பிவிடுவார். அதனால் பல ஞாயிறுகளில் தம்பியே வாலாகிவிடுவான். அன்று சரிவின் உச்சியில் மாமாவின் சங்கிலி கழன்றது. "நீ போ மாப்ளே, வந்துடறேன்" என்றார்.

மற்றவர்கள் முன்பே வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்ட நின்ற காவலாளி, கடைசியாக வந்த தம்பியிடம் வழக்கம்போல் கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சா?"

"நான்தான் கடைசி" என்றது பழகிய நாக்கு.

யாராவது மீதி இருந்தால் காவலாளி மொபெட்டில் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பார். அன்று போகவில்லை. மாமா இன்னும் வரவில்லை என்பது தம்பிக்கு வீட்டுக்குப் போகும் பாதி வழியில்தான் உறைத்தது. டூட்டிக்குக் கூப்பிட்டிருப்பார்கள், குறுக்குப் பாதையில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். சாயங்காலம் பள்ளத்தில் மாமாவைக் கண்டெடுத்தார்கள். மத்தியானத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

"காவலாளிகிட்ட சொல்லிட்டுத்தான்க்கா வந்தேன்" என்று அன்றிரவு சொன்ன பொய்க்கு இப்போது ஒரு வயது. அதற்குப் பிறகு மூவரும் இந்தக் காட்டுக்கு வருவது இன்றுதான்.

பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் அக்காவின் சிவப்புச் சட்டை கரைந்து கரைந்து தெரிந்தது. எதிரே நாயோடு ஒரு அம்மாள் ஒதுங்கி நின்றார்.

"இன்னும் ரெண்டு பேர்" என்றது மெக்கானிக்கின் குரல்.

"இன்னும் ஒருத்தர்" என்றாள் அக்கா.

"நான்தான் கடைசி" என்றான் தம்பி.

அந்த அம்மாள் நகரவில்லை.

"பின்னாடி ஒருத்தர் வர்றாரே, தம்பி."

அவன் திரும்பிப் பார்த்தான். பனிதான் இருந்தது. நாய் அதைப் பார்த்து மெதுவாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் சத்தம் கேட்டது. மிதிக்காமல் உருளும் பின்சக்கரத்தின் கிரிகிரி ஒலி. மாமாவின் சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருந்தது. கிரிகிரிக்கு நடுவே ஒரு சின்ன விக்கல் வரும். மாற்றித் தருகிறேன் என்று மெக்கானிக் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

கிரிகிரிகிரி. விக்கல். கிரிகிரி.

அவன் பிரேக் பிடித்தான். அதுவும் நின்றது.

சரிவின் உச்சி வந்தது. ஈர மண் வாசனைக்கு மேல் லிஃப்ட் கிரீஸின் வாடை எழுந்தது. மாமா எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத வாடை.

"மாமா?"

யாரோ பொறுமையாகச் சங்கிலியைப் பல்லில் ஏற்றுகிற சத்தம் மட்டும்.

அவன் பிரேக்கைத் தொடாமல் சரிவில் இறங்கினான். கேட்டருகே மெக்கானிக்கும் அக்காவும் நின்றார்கள். காவலாளி பூட்டுச் சங்கிலியைக் கையில் வைத்திருந்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் அவனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

அவன் முதுகுக்குப் பின்னால் கிரிகிரி நெருங்கியது.

"இன்னும் ஒருத்தர்" என்றான். "அன்னிக்கும் இதைத்தான் சொல்லியிருக்கணும்க்கா. நான்தான் கடைசின்னு சொல்லிட்டேன். இவர்மேல தப்பில்ல."

காவலாளி மெல்லச் சொன்னார்: "எத்தனையோ பேர் என்னைத் திட்டினாங்கம்மா. சின்னப் பையன், தானே சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

அக்கா அழவில்லை. கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் அவனுக்குப் பின்னாலிருந்த பனியைப் பார்த்தாள்.

"பூட்டாதீங்க" என்றாள் காவலாளியிடம். "அவர் வரட்டும்."

நால்வரும் ஒதுங்கி நின்றார்கள். கிரிகிரி, விக்கல், கிரிகிரி. காற்றே இல்லை, காவலாளியின் கையில் தொங்கிய சங்கிலி ஒருமுறை ஆடி நின்றது. காய்ந்த சிமெண்ட் தரையில் ஈர டயர்த் தடம் ஒன்று கேட்டைத் தாண்டி வந்து, தம்பியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் நின்றிருந்தது.

அக்கா அதன் பிறகு தம்பியிடம் பேசுவதில்லை. ஆனால் எல்லா ஞாயிறும் வந்துவிடுகிறாள். மெக்கானிக் "இன்னும் மூணு பேர்" என்கிறார். அக்கா "இன்னும் ரெண்டு பேர்" என்று சொல்லிவிட்டு, மிதிப்பதை நிறுத்திக் காது கொடுக்கிறாள்.

"இன்னும் ஒருத்தர்" என்கிறான் தம்பி.

பின்னால் யாரும் இல்லையே என்று எதிரே வருகிற எவரும் இதுவரை சொன்னதில்லை. அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் ஒதுங்கியே நின்று, பிறகுதான் நடக்கிறார்கள்.